எம்.டி.எஸ். வைவா: மிடசோலத்தில் நான் கோட்டை விட்ட கதை

ஒருவழியாக வாய் முக அறுவை எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) பாஸ், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இரண்டாவது தடவையில். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்விதான், மிடசோலம் என்கிற அரைமயக்க மருந்தைப் பற்றி. கூடப் படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை, போகட்டும்.

"ஞானப்பல் எடுக்கிறாய். மிடசோலம் கூடிப்போய் நோயாளி அசந்துவிட்டார். முறிமருந்து ஃப்ளூமாசெனில் போட்டதும் கண் விழித்தார். வீட்டுக்கு அனுப்பலாமா?"

"அனுப்பலாம் சார்."

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார்.

மிடசோலத்தின் அரை ஆயுள், அதாவது உடம்பில் பாதியாகக் குறையும் நேரம், ஏறக்குறைய 2 மணி நேரம். ஃப்ளூமாசெனிலுக்கு 1 மணி நேரத்தை ஒட்டித்தான். முறிமருந்து முதலில் தீர்ந்துவிடும். ஆட்டோவில் போகிறவர் மறுபடி சொக்கிவிடலாம். இரண்டு எண்ணும் எனக்கு மனப்பாடம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் இல்லை.

அப்புறம் மருந்து வாரியாகப் படிப்பதையே விட்டேன். ஒரே தாள், ஒரே கேள்வி: தப்பாகப் போனால் என்ன செய்வேன்? நான் பயந்த சுபாவம், எனக்கு இது ஒத்துவந்தது.

- மிடசோலம்: 1 மி.கி. போடு, 2 நிமிடம் பொறு, அப்புறம் அடுத்தது. நடந்ததை மறக்கடிக்கும். டயசெபாம் போல ரத்தக்குழாயை எரிக்காது.
- புரோப்போஃபால்: சட்டென்று தெளியும். முறிமருந்து கிடையாது, கொஞ்சம் தாண்டினால் மூச்சு நின்றுவிடும். "மயக்க மருத்துவர் உடன் இருந்தால்" என்று சேர்க்காமல் இந்தப் பெயரையே எடுக்காதீர்கள்.
- கேட்டமின்: வலியையும் அடக்கும், மூச்சையும் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் எச்சில் ஊறும், நமக்கு வேலையே வாய்க்குள். பி.பி. ஏறும், விழிக்கும்போது உளறலும் உண்டு.
- டெக்ஸ்மெடிடோமிடின்: கூப்பிட்டால் விழிப்பார். நாடித்துடிப்பு இறங்கும். கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வீதம் 10 நிமிடம் ஏற்ற வேண்டும். இருபது நிமிட வேலைக்கு இது எதற்கு என்று வைவாவிலேயே சொன்னேன். முகம் சுளித்தார்கள், ஆனாலும் பாஸ் போட்டார்கள்.

எது போட்டாலும் மரப்பு ஊசி கட்டாயம். இதைச் சொல்ல மறந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. வாய் நம் கையில் இருக்கிறது, மூச்சுக்கும் அதே வழிதான். இந்த ஒரு வரியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். குழுவாகப் படிப்பது எனக்குச் சரிப்படவில்லை. விடுதி மொட்டை மாடியில் தனியாக, சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

இரண்டாம் தடவை கேட்டது ஃபெண்டனில் என்கிற வலி மருந்து. என் தாளில் அது இல்லவே இல்லை! அதற்கு முறிமருந்து நலாக்ஸோன் போடுவேன், ஆனால் அதுவும் சீக்கிரம் தீரும், நோயாளியை உட்காரவைத்துக் கவனிப்பேன் என்றேன். எத்தனை மணி நேரம் என்று அவர் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.