36 வோல்ட்: பிளானர் பேனலுக்கு ஆம்ப் பொருத்திப் பார்த்தது

ஒருவழியாக எண் கிடைத்துவிட்டது. என் அறையில், நான் உட்காரும் இடத்தில், நான் கேட்கக்கூடிய அதிகபட்ச சத்தத்தில், என் மேக்னெபேன் 1.7 பேனல்களுக்கு (பெட்டி இல்லாமல், பெரிய மெல்லிய படலமே அசைந்து சத்தம் தரும் பிளானர் ஸ்பீக்கர்கள்) ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், தர வேண்டியது 36 வோல்ட் உச்சம். வாட் கணக்கு அப்புறம் வரும். அதை விட்டுவிட்டு வோல்ட்டைப் பிடித்ததால்தான் இந்த வேலை முடிந்தது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பேனலுக்கு எவ்வளவு பவர் போதும்?" என்று யாரிடம் கேட்டாலும் வரும் பதில், "எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு போடு." தப்பான பதில் இல்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆம்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. இன்னொரு கோஷ்டி, "20 வாட் வால்வு ஆம்பிலேயே அருமையாகப் பாடுகிறது" என்பார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை, அவர்கள் கேட்கும் சத்தத்துக்கும் பாட்டுக்கும் அது போதும். சண்டை எதற்கு, அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஸ்பெக்கில் சென்சிடிவிட்டி, அதாவது இவ்வளவு வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எவ்வளவு சத்தம் என்பது, 86 டெசிபெல் என்று இருக்கும். பக்கத்திலேயே 500 ஹெர்ட்ஸ், 2.83 வோல்ட் என்று போட்டிருப்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில்தான் ஒரு வாட். 4 ஓம் பேனலில் அதுவே இரண்டு வாட். ஆக, ஒரு வாட்டுக்கு வெறும் 83 டெசிபெல்தான். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கரில் 89 வைத்துக் கேட்டுப் பழகியவருக்கு இது ஏறக்குறைய நாலு மடங்கு பவர் வித்தியாசம்.

இதில் நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. உயரமான பேனல் என்பதால் தூரம் போகப்போக சத்தம் பெட்டி ஸ்பீக்கர் அளவுக்கு விழாது. பெட்டி தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபெல் இழந்தால், நீளமான பேனல் அருகில் 3 பக்கமாகத்தான் இழக்கும். நிஜ அறையில் இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும். ஒரு மீட்டர் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு "ஐயோ, இதற்கு 500 வாட் வேண்டும்" என்று அலறுபவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள்.

லோடும், அதாவது ஆம்புக்குப் பேனல் தரும் சுமையும், பரம சாது. ரெசிஸ்டரை சீரிஸில் போட்டு இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணோடு மாறக்கூடிய மின்தடை) அளந்து பார்த்தேன்: ஏறக்குறைய 4 ஓமில் நேர்க்கோடு, நடுவில் க்ராஸ்ஓவர், அதாவது தாழ்ந்த சுரத்தையும் மேல் சுரத்தையும் பிரிக்கும் சர்க்யூட், பக்கம் மட்டும் ஒரு மேடு. பெட்டி ஸ்பீக்கரின் பாஸ் பக்கம் வரும் மலையும் பள்ளமும் இங்கே இல்லை. அதனால் வோல்ட்டை அளந்தால் போதும், நாலால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். எலெக்ட்ரோஸ்டேடிக் (காந்தத்துக்குப் பதில் உயர் வோல்ட்டேஜால் படலத்தை அசைக்கும் பேனல்) வைத்திருப்பவர்கள் இந்தச் சுருக்கு வழியை நம்ப வேண்டாம். அது கப்பாசிட்டர் மாதிரியான லோடு, மேல் அதிர்வெண்ணில் இம்பீடன்ஸ் சரசரவென்று இறங்கும்.

சரி, பழைய ஆம்புக்கு வருவோம். 8 ஓமில் 60 வாட் இன்டக்ரேட்டட், நல்ல ஆம்ப்தான். அதில் வந்த குறை சட்டென்று பிடிபடாத ரகம். உடைந்த சத்தம், கரகரப்பு எதுவும் இல்லை. பியானோவில் இடது கை ஓங்கி விழும் இடங்களில் மட்டும் ஓசையில் ஒரு கண்ணாடித்தனம் ஏறும். ஆர்க்கெஸ்ட்ரா முழுதாக எழும்போது விரிய வேண்டிய மேடை சுருங்கும். மிருதங்கத் தனியில் தொப்பி அடி விழும், ஆனால் நெஞ்சில் தட்டாது. ரூம், ரெக்கார்டிங், பேனல் வைத்திருக்கும் கோணம் என்று எதன் மேல் வேண்டுமானாலும் பழி போடலாம். இது க்ளிப்பிங், அதாவது ஆம்ப் தன் வோல்ட் எல்லையில் முட்டி அலையின் உச்சியை வெட்டுவது, என்று நிரூபிக்க ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்) வேண்டும்.

ஸ்கோப் வேலைதான் இந்தப் பதிவின் சாரம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரோபை ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. ப்ரோபின் தரை க்ளிப், ஸ்கோப்பின் மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப் ப்ரிட்ஜ்டு வகையாக இருந்தால் அதன் மைனஸ் டெர்மினல் தரை கிடையாது, அதுவும் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு அவுட்புட். க்ளிப்பை அங்கே கடித்தால் ஆம்பின் பாதி அங்கேயே ஷார்ட். க்ளாஸ் டி ஆம்புகளில் (அவுட்புட்டை அதிவேகமாக ஸ்விட்ச் செய்து ஓடும் வகை) ப்ரிட்ஜ்டு நிறைய உண்டு. சந்தேகம் இருந்தால் இரண்டு ப்ரோப் போட்டு, தரை க்ளிப்புகளை டெர்மினல் பக்கமே கொண்டுபோகாமல், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும் மேத் வசதியில் பாருங்கள். நான் எந்த ஆம்பாக இருந்தாலும் இப்படித்தான் செய்கிறேன்.

அடுத்தது, மியூசிக்கின் உச்சத்தைப் பிடிப்பது. சைன் அலையை அளப்பது யாருக்கும் வரும். மியூசிக்கில் அந்தப் பெரிய உச்சி எப்போதோ ஒருமுறை, ஓரிரு மில்லி செகண்டுக்கு வந்து போகும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குச் சிக்காது. மல்டிமீட்டர் இதற்கு உதவவே உதவாது, அது சராசரியைத்தான் காட்டும். எனக்கு ஒத்துவந்த வழி ட்ரிகரை (இந்த வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் படம் பிடி என்று ஸ்கோப்புக்குச் சொல்வது) வைத்து ஏறுவது. பீக் டிடெக்ட் மோட் (குறுகிய உச்சியையும் தவறவிடாதது), ட்ரிகர் நார்மலில், டிவிஷனுக்கு 10 வோல்ட். ட்ரிகர் லெவலை 20 வோல்டில் வைத்து, அந்தப் பாட்டின் மிக உரத்த பகுதியை ஓட விடுங்கள். திரை உறைந்தால் 20ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். 2 வோல்ட் ஏற்றி, அதே பகுதியை மறுபடி. உறைகிறதா, இன்னும் ஏற்றுங்கள். எந்த லெவலில் ஸ்கோப் அசையாமல் காத்துக்கொண்டே இருக்கிறதோ, உச்சி அதற்குக் கீழே. எட்டு பிட் ஸ்கோப்பே போதும். 80 வோல்ட் அகலத்தை 256 படியாகப் பிரித்தால் ஒரு படி 0.3 வோல்ட் சொச்சம், இந்த வேலைக்குத் தாராளம்.

முடிந்ததும் மைனஸ் பக்கமும் இதையே செய்ய வேண்டும். பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள். இசை அலை மேலும் கீழும் ஒரே உயரம் போகாது. நான் வைத்திருந்த ஆர்க்கெஸ்ட்ரா ரெக்கார்டிங்கில் பாஸ் ட்ரம் அடியின் கீழ் உச்சி, மேல் உச்சியைவிடப் பெரிது. மேலே மட்டும் பார்த்திருந்தால் எண் குறைவாக வந்திருக்கும்.

க்ளாஸ் டி என்றால் இன்னொரு தொல்லை. சில நூறு கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்சிங் மிச்சம் ஒன்று அலையின் மேலே தடிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். பீக் டிடெக்ட் அதையும் உச்சி என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கோப்பில் இருக்கும் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் அதைத் தொடக்கூடத் தொடாது. ஒரு கிலோ ஓமும் 4.7 நானோஃபாரடும் சேர்த்து ப்ரோப் முனைக்கு முன்னால் ஒரு சின்ன ஃபில்டர் கட்டினேன், 34 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும். கோடு மெலிந்து சுத்தமாகிவிட்டது. உச்சி வரும் பாஸ் பக்கம் ஒன்றும் குறையவில்லை.

பழைய ஆம்பில் உறைந்த முதல் திரையை எடுத்து வைத்திருக்கிறேன். அலை 27 வோல்ட் வரை ஏறி, அங்கே கத்தியால் சீவியதுபோல் தட்டையாகி, பிறகு இறங்குகிறது. உற்றுப் பார்த்தால் அந்தத் தட்டை முழுத் தட்டை இல்லை, ஒரு பக்கம் லேசாகச் சரிகிறது. நீண்ட பாஸ் சுரத்தில் அந்தச் சரிவு ரம்பப் பல்லாகவே தெரிந்தது. அது பவர் சப்ளையின் ரிப்பிள் (அதன் வோல்ட்டேஜில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்), மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால் 100இல் வருவது. அலை ரெயிலில், அதாவது சப்ளை ஆம்புக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜில், முட்டிக்கொண்டு நிற்பதால் ரெயிலின் முகமே திரையில் தெரிகிறது. 8 ஓமில் 60 வாட் என்றால் 31 வோல்ட் உச்சம் வர வேண்டும். 4 ஓமில் கரன்ட் இரட்டிப்பானதும் சப்ளை தொய்ந்து 27இல் நின்றுவிட்டது. சைன் கணக்கில் 4 ஓமில் 91 வாட். 60 இரட்டித்தால் 120, அதில் ஏறக்குறைய 30 வாட்டை சப்ளை விழுங்கிவிட்டது. "8 ஓமிலிருந்து 4க்கு வரும்போது பவர் இரட்டிக்கிறதா பார்" என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. அது ட்ரான்ஸ்ஃபார்மரும் கப்பாசிட்டரும் எவ்வளவு கெட்டி என்று கேட்கும் கேள்வி.

ரிசீவர் வைத்திருப்பவர்கள் பின்னால் இருக்கும் 4 ஓம் ஸ்விட்சைத் தட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பல மாடல்களில் அது ரெயில் வோல்ட்டேஜைக் குறைக்கத்தான் செய்யும். ஆம்ப் சூடாகாது, ஆனால் பேனலுக்கு வேண்டிய உச்சியும் போய்விடும்.

புது ஆம்ப் நானே கட்டுவது: ஹைபெக்ஸ் என்சி400 என்ற க்ளாஸ் டி மாட்யூல், சேனலுக்கு ஒன்று. 4 ஓமில் 400 வாட், அதாவது 56 வோல்ட் உச்சம். வால்யூமை அதே சத்தத்துக்குச் சரிபண்ணி, அதே பகுதிகளில் ட்ரிகரை ஏற்றினேன். 28, 30, 34 என்று தாண்டித் தாண்டி 36இல் நின்றது. கரன்ட் 9 ஆம்பியர். சைன் கணக்கில் 162 வாட்.

இதில் எனக்கே சுவாரசியமாகப் பட்டது இதுதான்: 27க்கும் 36க்கும் நடுவே இருப்பது வெறும் 2.5 டெசிபெல். பழைய ஆம்ப் தோற்றது இந்த அளவில்தான். அதே நேரம் மல்டிமீட்டரில் சராசரி 4 வோல்ட் பக்கம் உலாவிக்கொண்டிருந்தது, நாலே வாட். உட்காரும் இடத்தில் சத்த மீட்டர் சி வெயிட்டிங், ஸ்லோவில் (பாஸையும் சேர்த்து, மெதுவான சராசரியாக) 84 டெசிபெல் காட்டியது. சராசரிக்கும் உச்சிக்கும் 19 டெசிபெல் இடைவெளி. நசுக்கி மாஸ்டர் செய்த பாட்டுகளில் இதே இடைவெளி பாதிக்கும் கீழே போகும், அவற்றைப் பழைய ஆம்ப் வியர்க்காமல் பாடிவிடும். 20 வாட் கோஷ்டிக்கும் 500 வாட் கோஷ்டிக்கும் சண்டை முடியாததற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடித்தனம் போய்விட்டது. மிருதங்கத் தொப்பி இப்போது தட்டுகிறது. மெல்லிய இசையில் இரண்டு ஆம்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, தெரிவதாகச் சொல்லிக்கொள்ளவும் விருப்பமில்லை.

"பவர் அதிகமானால் ஆபத்தே இல்லை" என்ற வேதவாக்கை மட்டும் எல்லாப் பேனலுக்கும் பொருத்தாதீர்கள். 1957இல் க்வாட் நிறுவனம் கொண்டுவந்த எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கருக்குக் கொடுக்கப்பட்ட எல்லை 33 வோல்ட் உச்சம். அதைத் தாண்டினால் உள்ளே பொறி பறக்கும், பேனல் போய்விடும். என் 36 வோல்ட்டை அதற்குக் கொடுத்தால் கதை முடிந்தது. அந்த ஸ்பீக்கரோடு போனது அதே நிறுவனத்தின் 15 வாட் க்வாட் டூ ஆம்ப். பிறகு வந்த 100 வாட் க்வாட் 405 ஆம்பை அதோடு சேர்க்க வேண்டுமென்றால் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் வேண்டும். அடுத்து வந்த க்வாட் ஸ்பீக்கரான இஎஸ்எல் 63இல் காப்பு சர்க்யூட் உண்டு. வோல்ட்டேஜ் மீறினால் அது இன்புட்டையே ஷார்ட் செய்துவிடும், வேதனை ஆம்புக்குத்தான். எதிர்முனையில் 1980களின் அபோஜி சின்டில்லா என்ற ரிப்பன் பேனல் ஸ்பீக்கர், ஒரு ஓம். அங்கே வோல்ட் பெரிய பிரச்சினை இல்லை. 36 வோல்ட் கொடுத்தால் 36 ஆம்பியர் கேட்கும், அதைத் தாங்கும் ஆம்ப் அன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவைதான்.

ஆம்ப் தேடும்போது பார்த்த விளம்பரங்களைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். ஒரு விற்பனையாளர் "400 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். கேள்வி மேல் கேள்வி கேட்டதில் அது இரண்டு சேனலும் சேர்த்து, அதுவும் உச்சத்தில், அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில் என்று இறங்கி வந்தது. இன்னொருவரிடம் வாங்கிய ஸ்பீக்கர் ஒயரைச் சுரண்டினால் தாமிரப் பூச்சுக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம். 4 ஓமுக்கு ஒயர் தடிமன் முக்கியம்தான், ஆனால் மந்திரம் ஒன்றும் இல்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் உண்மையான தாமிரம், மூன்று மீட்டர் ஓட்டத்துக்குப் போக வர 0.04 ஓம் சொச்சம். இழப்பு 0.1 டெசிபெல்லுக்கும் கீழே. அதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

ஆம்புக்கு இன்னும் மூடி போடவில்லை. பின்பலகையில் ஒரு பக்கத் துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனதில் பைண்டிங் போஸ்ட் சாய்ந்து நிற்கிறது, ரவுண்ட் ஃபைல் போட்டுச் சரிபண்ண வேண்டும். ஆனால் மனசு அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அந்த 36 வோல்ட் உச்சி எல்லாமே பாஸ் ட்ரம் விழும் இடங்களில்தான் வருகிறது. பேனல் அங்கே எப்படியும் திணறுகிறது. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் மைலார் படலம் பின்னால் முட்டும் 'டப்' சத்தம் வரும், எத்தனை வாட் போட்டாலும் அதற்கு மருந்து இல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டால் உச்சி எவ்வளவு இறங்கும் என்று பார்க்க ஆசை. 27க்குக் கீழே வந்தால் பழைய ஆம்பே மறுபடி போதும் என்றாகிவிடும், அந்த வேடிக்கையையும் பார்த்துவிடலாம்.

க்ராஸ்ஓவர் பெட்டி எதுவும் வாங்கப் போவதில்லை. ஆம்ப் இன்புட்டில் சீரிஸாக ஃபிலிம் கப்பாசிட்டர், அவ்வளவுதான். இன்புட் பேலன்ஸ்டு (ஒரே சிக்னல் ப்ளஸ், மைனஸ் என இரண்டு கம்பியில் வருவது) என்பதால் இரண்டு காலுக்கும் ஒவ்வொன்று. ஒரு காலுக்கு இன்புட் தடை 50 கிலோ ஓம் வந்தால் 39 நானோஃபாரட், 82 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும். இரண்டு சேனலுக்கும் சேர்த்து நாலும் ஒரே மதிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தாழ்வெண்ணில் பேலன்ஸ் கெடும். அதனால் ஒரு கொத்தாக வாங்கி, கப்பாசிட்டர் மதிப்பை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் பொறுக்கி எடுக்கப் போகிறேன். யாரிடமாவது இதே பேனலில் 80 ஹெர்ட்ஸ் வெட்டுக்கு முன்னும் பின்னும் உச்சி வோல்ட் அளந்த எண் இருந்தால் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.