அப்பாவின் மொரிஸ் மைனர்

மூன்று ஞாயிறு போய், ஸ்டியரிங் வளையத்தின் தண்டும் குழாயும் சேர்ந்த ஸ்டியரிங் கொலம் இன்றுதான் மறுபடி ஏறியது. நிலாவெளி ரோட்டில் குழிக்குக் குழி கடகடவென்று ஆடும். பிழை, முன்சில்லுகளைத் திருப்புகிற பல்லுச்சட்டமான ரேக்கில் என்றே நினைத்திருந்தேன். கழற்றினால், குழாயின் மேல் வாயில் தண்டு ஆடாமல் பிடிக்கிற கம்பளி உறையான ஃபெல்ட் புஷ் நனைந்த பீடித்தூள் மாதிரிக் கையோடு வந்தது. புதிதாக ஒன்று வெட்டி, இரவு முழுக்க எண்ணெயில் ஊறவைத்துச் செருகினேன்.

பெரிய பாடு, கீழே ரேக்கைத் தள்ளுகிற சின்னப் பல்லுச்சில்லான பினியனோடு தண்டைக் கவ்வுகிற போல்ட். திருகோணமலை உப்புக்காற்று சும்மா விடுமா?

"அடிக்காதை தம்பி, தண்டிலை இருக்கிற ஸ்ப்லைன் பல்லு போயிடும். எண்ணெய் விட்டிட்டு நாளைக்குப் பார்" என்றார் மெக்கானிக் பாஸ் அண்ணை. அந்த நாளைக்கு மூன்று நாளானது.

பின்னேரம் உப்புவெளி வரை ஓடினேன். சத்தமே இல்லை. ஆனால் கார் நேராகப் போக, ஸ்டியரிங் வளையம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. கழற்ற முன் அடையாளக் கோடு போட மறந்துவிட்டேன். சரி, இன்னொரு ஞாயிறு.