ஊசிப் பெட்டியும் ஒரு அட்டையும்

ஜூன் 4, 2025, புதன்

புதன் என்றால் ஊசி நாள். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் வைத்துவிடக் கூடாது. காதோரம் ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் மருந்தை அடுக்குவேன். பென்டாவேலன்ட் உறைந்துபோனால் போட்டும் பயனில்லை. கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி என ஐந்து நோயைத் தடுக்கிற மருந்து அது.

சித்தேரி மலையில் பதினோரு குழந்தைகளை எதிர்பார்த்தேன். பத்துதான் வந்தன. வராத பிள்ளைக்கு ஆறாவது வார ஊசி.

ஜூன் 5, வியாழன்

வீட்டுக்கே போனேன். பாட்டி திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டாங்க நர்சம்மா."

"தடுப்பூசி அட்டை எங்க பாட்டி?"

தகரப் பெட்டியைத் திறந்து, சேலை மடிப்புக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். பிள்ளை அங்கே, அட்டை இங்கே. தர்மபுரிப் பக்கமிருந்து வேலை தேடி எத்தனை குடும்பம் இப்படிப் போகிறது! எனக்கு ஆறவே இல்லை.

கிளம்பும்போது சொன்னார்: "மூத்தவனுக்கு ஊசி போட்ட ராத்திரி பூரா ஜுரம். அதுல பிள்ளையோட அம்மா பயந்துட்டா." அன்றைக்கே யாராவது உட்கார்ந்து, ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்று எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

இன்றுதான் பிள்ளையின் அம்மா போனில் கிடைத்தாள். "தவறிப்போச்சே, இனிமே போடுவாங்களா அக்கா?" என்று கேட்டாள். ஒரு வயதுக்குள் முதல் ஊசியை ஆரம்பிக்கலாம், எந்த ஊர் அரசு மையத்திலும் காசு வாங்காமல் போடுவார்கள் என்றேன். அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பிள்ளை அழும் சத்தம் கேட்டது, நல்ல கணீர்க் குரல்.

ஜூன் 12, வியாழன்

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போட்டோ வந்தது. புது அட்டை, முழுக்கக் கன்னடம். எழுத்து ஒன்றும் புரியவில்லை, தேதி மட்டும் புரிந்தது: அடுத்த ஊசி ஜூலை 10. கால் லேசாக வீங்கியிருக்கிறதாம். ஈரத் துணி வைக்கச் சொன்னேன், தாய்ப்பாலை விடாமல் கொடுக்கச் சொன்னேன்.

பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே 'வெளியூர்' என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் தேதியைக் குறித்துக்கொண்டேன். 9ஆம் தேதி சாயங்காலமே கூப்பிட்டு ஞாபகப்படுத்த வேண்டும்.