பிரிவுக் கவிதைகளை இருபது பேரிடம் கொடுத்துப் பார்த்தேன்

போன மார்ச்சில் என் நோட்டில் 41 கவிதைகள் இருந்தன. எல்லாமே ஒரே விஷயம்தான். ஐந்து வருடம் பழகிய ஒருத்தி போய்விட்டாள், அதற்கப்புறம் ஒன்றரை வருடம் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதியவை. யாரிடமும் காட்டியதில்லை. காட்டித்தான் பார்ப்போமே, வருகிற பதிலை வைத்துத் திருத்தி எழுத முடிகிறதா என்று பார்ப்போம் என்று இறங்கினேன். பதினாலு வாரம் ஆகிவிட்டது.

முதலில் கையடக்கமாக ஒரு புத்தகம் செய்தேன். 41-லிருந்து 14 எடுத்தேன். நாலு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 16 பக்கம் வரும்: அட்டைக்கு ஒன்று, கவிதைக்கு 14, கடைசிப் பக்கம் காலி. செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள், முதல் தாளின் ஒரு முகத்தில் 16-ம் 1-ம், மறுமுகத்தில் 2-ம் 15-ம் வரவேண்டும், ஜெராக்ஸ் எடுக்கும்போது குட்டை ஓரத்தில் புரட்டச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக விழும். எனக்குப் பத்து செட் அப்படி வீணானது. சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புவரை எட்டாது, அதனால் ஊசியால் மூன்று துளை போட்டு வெள்ளை நூலில் தைத்தேன். 20 பிரதி. காலிப் பக்கத்தின் மேலே இரண்டே கேள்வி: "எந்த வரியில் நின்றீர்கள்? எந்த வரியில் விலகிப் போனீர்கள்?" "பிடித்ததா" என்று கேட்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கேட்டால் எல்லோரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள்.

2-ம் வாரம்

முதல் பதில் அலுவலக அக்காவிடமிருந்து. மதியம் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, நேரத்துக்குச் சாப்பிடுறியா? ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டார். கவிதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்து வந்த நாலு பேரும் அப்படியே. எல்லாம் சரியாகிவிடும், அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை, வெளியூர் எங்காவது போய்விட்டு வா. அந்த அன்பை நான் மறக்க மாட்டேன், உண்மையில் அந்த வாரம் கொஞ்சம் நன்றாகவே தூங்கினேன். ஆனால் படித்த ஐந்து பேருக்கும் என் உடம்பைப் பற்றித்தான் கவலை வந்தது என்றால், அந்தக் கவிதைகள் அவர்களுக்கு எதையும் கொடுக்கவில்லை, அவர்களிடம் போய்க் கேட்டு நின்றிருக்கின்றன. அன்று ராத்திரி சொற்களை எண்ணினேன். 14 கவிதையில் கண்ணீர் 9 இடம், மழை 7, இதயம் 6, மௌனம் 5.

4-ம் வாரம்

நூலகத்தில் பழக்கமான ஒரு சார், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பென்சிலால் குறித்துத் திருப்பிக் கொடுத்தார். 5-ம் பக்கத்தில் இருந்தது இது:

நீ விட்டுப்போன டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம்
என் இதயம் ஆயிரம் துண்டாய் நொறுங்குகிறது
கண்ணீர் கடலாகிறது
நீ மட்டும் திரும்பவில்லை

இரண்டாவது, மூன்றாவது வரிகளுக்குப் பக்கத்தில் "இவை எனக்கு முன்பே தெரியும்" என்று எழுதியிருந்தார். முதல் வரியில் "டப்பா"வைச் சுற்றி ஒரு வட்டம். "என்ன டப்பா? எவ்வளவு பெரிசு? அதில் என்ன வந்தது? அதைச் சொல்லுங்கள் தம்பி." எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்றரை வருடமாக அந்த டப்பாவைத் தினமும் பார்க்கிறேன், கவிதையில் அதைப் பார்க்கவே இல்லை.

அவர் சொல்லித்தான் திருக்குறளில் பிரிவாற்றாமை தொடங்கி நெஞ்சொடு கிளத்தல் வரை, 116-லிருந்து 125 வரை, பத்து அதிகாரம், நூறு குறளை ஒரே மூச்சில் படித்தேன். பள்ளியில் காமத்துப்பாலை யாரும் எங்களுக்கு நடத்தியதில்லை. 1203-ல் நின்றுவிட்டேன். தும்மல் வருகிற மாதிரி வந்து நின்றுவிடுகிறது, அப்படியானால் அவர் என்னை நினைக்கிற மாதிரி வந்து நினைக்காமல் விட்டுவிட்டாரோ என்று ஒரு பெண் கேட்கிறாள். யாராவது நினைத்தால் தும்மல் வரும் என்று இன்றைக்கும் நம் வீட்டில் சொல்கிறோமே, அதேதான். மூக்கு நுனியில் நின்றுபோன ஒரு தும்மலில் அந்த முழுப் பிரிவும் வந்துவிட்டது. கண்ணீர் என்ற சொல்லே அங்கே தேவைப்படவில்லை.

டப்பாவைத் திரும்ப எழுத மூன்று வாரம் ஆனது. இப்போது இருப்பது இது:

மூடியில் உன் அம்மா பெயர் வெட்டிய
எவர்சில்வர் டப்பா
வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது
என்பாள் என் அம்மா
என்ன போட்டுத் தருவது

7-ம் வாரம்

இதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ஒரு பிடி சர்க்கரையைப் போட்டுக் கொடுத்துட்டு வாயேன்டா, இதுக்கா இவ்வளவு யோசனை" என்றார். அவர் அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை, கேள்வியைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். எனக்கு வந்த பதில்களிலேயே நான் மிகவும் மதிப்பது இதைத்தான். கவிதை கடைசியில் என் பெரியம்மாவின் அடுக்களைக்குள் போய்விட்டது இல்லையா. சர்க்கரையை உள்ளே சேர்க்கலாமா என்று இரண்டு நாள் தடுமாறி, வேண்டாம் என்று விட்டேன். அந்தப் பதில் படிப்பவர் வீட்டிலிருந்து வரட்டும்.

அதே வாரம் ஒரு தப்பும் செய்தேன். கல்லூரித் தோழி ஒருத்தி, 9-ம் பக்கம் புரியவில்லை என்று சொன்னதும், வாட்ஸ்அப்பில் எட்டு நிமிடக் குரல் செய்தி அனுப்பினேன், அந்தக் கவிதையின் பின்னால் இருந்த கதை முழுக்க. அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்: "நீ சொன்னது நல்லா இருக்குடா, ஆனா அது இதுல இல்லையே." அன்றிலிருந்து விளக்கம் சொல்வதில்லை. ஒரு நாள் பொறுத்து, நன்றி சொல்லி, எந்த இடத்தில் வழி தவறியது என்று மட்டும் கேட்கிறேன். சில சமயம் கை துடிக்கத்தான் செய்கிறது, அடக்கிக்கொள்கிறேன்.

அவள் இன்னும் இரண்டு சொன்னாள். இரண்டுமே வலித்தது. ஒன்று, 12-ம் பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தும் தெருவும் இருந்தன. "இது அவ கையில கிடைச்சா அவளுக்கு எப்படி இருக்கும்?" அகப்பாடல்களில் காதலர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியத்தில் அகத்திணையியலே விதி வைத்திருக்கிறது, அதைப் பாட்டின் அழகுக்கான விதி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெயர் இல்லாவிட்டால் பாட்டு எல்லோருக்கும் பொருந்தும், அது சரி. ஆனால் பாட்டில் வந்து நிற்கிற அந்த ஆளுக்கும் அது ஒரு காவல். எழுத்து, தெரு, அவள் வேலை செய்த இடம், மூன்றையும் எடுத்தேன். டப்பா மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது என்று சொல்கிறேன், என்ன பெயர் என்று சொல்லவில்லை.

இரண்டாவது: "பதினாலு கவிதையிலயும் அவ ஒரு வார்த்தை பேசலை. எல்லாத்துலயும் நீயே பேசுற."

8-லிருந்து 11-ம் வாரம் வரை

இதில்தான் அதிக நாள் போனது. அவள் பேசுவது போல ஆறு கவிதை எழுதினேன். தோழியிடம் காட்டினேன். "இது அவ இல்லடா. அவ துப்பட்டாவைப் போட்டுக்கிட்டு நீ உன்கிட்டயே மன்னிப்பு கேக்குற." ஆறையும் கிழித்தேன், அவள் சொன்னது சரி என்று படிக்கும்போதே தெரிந்தது.

குறுந்தொகையை எடுத்தேன். 401 பாட்டு, பெரும்பாலும் நாலு முதல் எட்டு அடி. இந்தத் தடவை யார் பேசுகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். தலைவி, தலைவன், தோழி, செவிலி, வழியில் கண்டவர்கள் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், புலவர் தன் குரலில் பேசுவதே இல்லை. சரி, நானும் வேண்டாம், அவளும் வேண்டாம், எங்களைப் பார்த்தவர் ஒருவர் பேசட்டும் என்று தோன்றியது. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு நாங்கள் வாராவாரம் வந்த பேருந்தின் நடத்துநரைப் பேசவிட்டேன். முதல் வடிவத்தில் அவர் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசிப்பதாக இருந்தது. எதிர்வீட்டு அண்ணன் நடத்துநராக வேலை பார்த்தவர், அவர் படித்துவிட்டு, "கூட்டத்துல யோசிக்க எங்க நேரம்? பாக்கியை டிக்கெட் பின்னாடி எழுதிக் கொடுத்துட்டு நகர்ந்துடுவோம்" என்றார். கவிதை அங்கேதான் கிடைத்தது:

எப்போதும் ரெண்டு கேட்பவர்
இன்று ஒன்று கேட்டார்
ஜன்னலோரம் காலியாக இருந்தும்
இந்தப் பக்கமே உட்கார்ந்தார்
பாக்கி அஞ்சு ரூபாய் என்று
டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்
கேட்காமலே இறங்கிவிட்டார்

இதைப் படித்த யாரும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அலுவலக அக்கா மட்டும், "அந்த அஞ்சு ரூபாய் இன்னும் பாக்கி நிக்குதே" என்றார்.

நடுவில் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன், கோபமாகவே சொன்னார்: "ஆம்பளை இப்படிப் புலம்பி எழுதி ஊருக்குக் கொடுக்கலாமாடா?" பதில் சொல்லக் குறுந்தொகையின் 58-ம் பாட்டு கையில் இருந்தது. இதே மாதிரி ஒருவனை அவன் நண்பன் கண்டிக்கிறான், அதற்கு அவன் சொல்லும் பதில்தான் அந்தப் பாட்டு. வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது, காவலுக்கு இருப்பவனுக்குக் கையும் இல்லை, கூப்பிட வாயும் இல்லை, கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான், என் நோய் அப்படிப் பரவுகிறது என்கிறான். ஆண் பேசும் அந்தப் பாட்டை எழுதியவர் வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவர். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, "அந்த வெண்ணெய்ப் பாட்டு எதுலடா இருக்கு?" என்று போன் செய்தார்.

12-ம் வாரம், அதற்கப்புறம்

20 பிரதியில் 13 திரும்பி வந்திருந்தன. ஒன்று நூலக சாரிடமிருந்து வேறு யாரிடமோ போய், அங்கிருந்து வந்தது. காலிப் பக்கத்தில் நீல மையில், நடுங்கிய கையெழுத்து: "நான் நின்றது ஏழாம் பக்கம். அவர் போய் 31 வருடம். அந்த வீட்டு வாசல் வழியாகப் போவதில்லை, இன்றும் சுற்றித்தான் போகிறேன்." பெயர் இல்லை.

இதற்கு என்ன பதில் எழுதுவது என்று நாலு நாள் தெரியவில்லை. ஆறுதல் சொல்ல எனக்கு வயதில்லை, என் கதையைச் சொல்வதும் தப்பு. கடைசியில் ஒரு துண்டுத் தாளில், "சுற்றிப் போகும் வழியில் என்ன இருக்கிறது?" என்று மட்டும் எழுதி சாரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தது: "ஒரு மாவு மில். எப்போதும் மிளகாய் நெடி."

இந்த வரியை என் கவிதை எதிலும் சேர்க்க மாட்டேன். அது அவருடையது. பிரதிகளைக் கொடுக்கும்போதே, எழுதித் தருவதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. இரண்டாவது புத்தகத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன். இங்கே அந்த இரண்டு வரியை எழுதலாமா என்று சார் மூலம் கேட்டு, சரி என்று பதில் வந்த பிறகுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது புத்தகம் போன சனிக்கிழமை தைத்து முடிந்தது. மூன்று தாள், 12 பக்கம். அட்டை ஒன்று, கவிதை ஒன்பது, காலிப் பக்கம் இந்தமுறை இரண்டு, ஏனென்றால் போன தடவை ஓரத்திலெல்லாம் நெருக்கி எழுதியிருந்தார்கள். பழையதில் மிஞ்சியது நாலு, திருத்தி எழுதியது மூன்று, நடத்துநரையும் சேர்த்துப் புதிது இரண்டு. கண்ணீர் ஒரே இடத்தில் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன், அங்கே வேண்டும், விட்டுவிட்டேன். ஏழாம் பக்கத்துக் கவிதையைத் தொடவில்லை, அதே ஏழாம் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். முதல் பிரதியை நேற்று சாரிடம் கொடுத்தனுப்பினேன்.