கிருஷ்ணகிரியில் ராட்சத ஜெல்லி மீன், டிக்கெட் 120 ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போய்வந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், எங்கே சாப்பிடலாம் என்று வரிசையாக எழுதுவதுதான் என் வழக்கம். இந்த முறையும் முயல்கிறேன். நடுவில் கோபம் வந்து வரிசை கலைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு ரோடு பக்கம் ஒட்டியிருந்த சுவரொட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம். "உலகக் கடல்களின் ராட்சத விஷ ஜெல்லி மீன்கள், உங்கள் கண்ணெதிரே!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அக்காள் மகன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். கடல் உயிர்கள் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்ததே நான்தான் என்று அக்காள் சொல்வாள். இங்கிருந்து புதுச்சேரிக்கே ஏறத்தாழ 200 கி.மீ. ஐம்பது கி.மீ. தூரத்தில் கடல் வந்து இறங்கியிருக்கிறது என்றால் விடுவோமா?

பஸ் கண்ணாடியில் இடைநில்லா என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் ஆளுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்து ஏறினோம். காரிமங்கலத்தில் நின்றது. காவேரிப்பட்டணத்தில் நின்று, ஓட்டுநர் இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வந்தார். நடுவில் பெயர் தெரியாத இரண்டு கைகாட்டிகளிலும் நின்றது. நடத்துநரிடம் கேட்டதற்கு, நிற்காத பஸ்ஸுக்கு ஆள் எப்படி ஏறுவது என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காவேரிப்பட்டணத்தில் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் நிப்பட்டு வாங்கியதுதான் அந்த நிறுத்தத்தால் கிடைத்த லாபம்.

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்திலிருந்து மைதானத்துக்கு ஆட்டோ 150 ரூபாய் என்றார்கள். பேரம் பேசி 120-க்கு ஏறி உட்கார்ந்தால், இரண்டு திருப்பம் தாண்டியதும் இறக்கிவிட்டார். திரும்பும்போது நடந்தே வந்தோம், அவ்வளவு பக்கம். போகிறவர்கள் தயவுசெய்து நடந்து போங்கள்.

இனி கூடாரம். ஆளுக்கு 120, குழந்தைக்கும் அதே 120. உள்ளே இருட்டு, நீல விளக்கு, ஏதோ திமிங்கிலம் அழுகிற ஒலி. முதல் தொட்டியில் அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது ஒரு ஜெல்லி மீன். நான் வாயைப் பிளந்து நின்றேன். பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, முடிச்சு தெரிகிறது" என்றான். தெரிந்தது. சிலிக்கோனில் செய்த குடைபோன்ற உடலின் உச்சியில் நைலான் நூல், நூலின் மறுமுனையில் ஒரு வெள்ளிச் சாவி வளையம், அடியில் காற்றுக் குமிழி விடும் ரப்பர்க் குழாய். குமிழி மேலே தள்ளும், நூல் இழுத்துப் பிடிக்கும், குடை ஏறி இறங்கும். குடை ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது.

பொம்மை என்பதற்காக நான் கோபப்படவில்லை. உயிருள்ள ஜெல்லி மீனைத் தொட்டியில் காப்பாற்றுவது பெரிய மீன்காட்சியகங்களுக்கே சிரமமான வேலை. மூலையில் சிக்கிக் கிழிந்துவிடாமல் இருக்கத் தண்ணீரை வட்டமாகச் சுழலவிடும் தொட்டி வேண்டும். ஊர் ஊராகக் கூடாரம் போடுகிறவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எனக்கு எரிச்சல் மூட்டியது பலகைகள்தான்.

"போர்ச்சுகீசியப் போர்க்கப்பல்: உலகின் மிகப்பெரிய ஜெல்லி மீன்" என்று ஒரு பலகை. ஒரே வரியில் இரண்டு தப்பு. அது ஜெல்லி மீனே இல்லை. பல சிறு உயிர்கள் ஒன்றாகக் கூடி, ஒன்று மிதக்கும் பையாகவும், ஒன்று இரை பிடிக்கும் இழையாகவும், ஒன்று வயிறாகவும் வேலையைப் பிரித்துக்கொண்டு ஓர் உடலாக வாழும் கூட்டம் அது. இழைகள் பொதுவாக 10 மீட்டர், சிலவற்றில் 30 மீட்டர் வரைகூடப் போகும். மழைக்காலத்தில் மும்பை ஜுஹு கடற்கரையில் நீலப் பலூன்போல ஒதுங்கிக் கிடப்பது இதன் இனம்தான்.

மிகப்பெரிய ஜெல்லி மீன் என்ற பட்டம் சிங்கப்பிடரி ஜெல்லி மீனுக்கு உரியது. ஆர்க்டிக், வட அட்லாண்டிக், வட பசிபிக் என்று குளிர்ந்த நீரில் வாழ்வது. 1865-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் விரிகுடாவில் அகப்பட்ட ஒன்றின் குடை 2 மீட்டருக்கு மேல், இழைகள் 36 மீட்டருக்கு மேல் என்று விலங்கியலாளர் அலெக்சாண்டர் அகாசிஸ் குறித்துவைத்திருக்கிறார். நீலத்திமிங்கிலத்தின் உடலைவிட நீளம். கிருஷ்ணகிரி நிலையத்தில் மூன்று பஸ்களை முட்டுக்கு முட்டு நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. கூடாரத்தில் அதற்குக் கொடுத்த இடமோ ஒரு மின்விசிறிக் கொக்கி. அதில் பாலிதீன் கீற்றுகள் இடுப்புயரத்துக்குத் தொங்கின, நடுவே சீரியல் பல்பு.

இந்தச் சிங்கப்பிடரியைப் பற்றி எழுத ஒரு நல்ல கதை இருக்கிறது. 2010 ஜூலையில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஒரு கடற்கரையில், செத்து மிதந்த ஒரே ஒரு சிங்கப்பிடரி துண்டு துண்டாக உடைந்து, குளித்துக்கொண்டிருந்த ஏறக்குறைய 150 பேரைக் கொட்டிவிட்டது. செத்த பிறகும் எப்படிக் கொட்டும் என்று பையன் கேட்டான். இழை முழுக்க நுண்ணிய கொட்டும் செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டிவைத்த ஒரு முள்நூல். தொட்டதும் அது தானாகவே வெடித்துப் பாய்ந்து விஷத்தைச் செலுத்தும். மூளையின் உத்தரவு தேவையில்லை. ஜெல்லி மீனுக்கு மூளையே கிடையாது, இதயமும் கிடையாது. இவ்வளவையும் அந்தப் பலகையில் நான்கு வரியில் எழுதியிருக்கலாம்.

அடுத்தது நோமுரா ஜெல்லி மீன். சீனா, கொரியா, ஜப்பானைச் சுற்றிய கடல்களில் வளர்வது. குடை 2 மீட்டர், எடை 200 கிலோ வரை. 2009-இல் ஜப்பானின் சிபா கடற்பகுதியில் இவை நிறைந்த வலையை மேலே இழுக்க முயன்ற 10 டன் மீன்பிடிப் படகு கவிழ்ந்தே போனது. படகில் இருந்த மூன்று பேரையும் இன்னொரு படகு காப்பாற்றியது. இதற்கு மட்டும் பலகை சரியாக இருந்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன்.

ஆனால் இந்தக் கூடாரம் சொல்லவந்த செய்தியே கோணல். பெரியதாக இருந்தால் கொடியது என்று பிள்ளைகள் மனத்தில் பதியவைக்கிறது. ஆளைக் கொல்வதில் பேர் போனது ஆஸ்திரேலியாவின் வடக்குக் கடலோரத்துப் பெட்டி ஜெல்லி மீன். குடை 30 செ.மீ. அளவுதான். நான்கு மூலைகளிலும் மூலைக்குப் பதினைந்து வரை இழைகள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் வரை நீளும். உடல் கண்ணாடி போலத் தெளிவு என்பதால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. இழைகள் நிறையப் பட்டுவிட்டால் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். 1955-இல் குயின்ஸ்லாந்தின் கார்ட்வெல்லில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தபோது, ஹ்யூகோ ஃப்ளெக்கர் என்ற மருத்துவர் அந்த இடத்தில் வலை போட்டுத் தேடச் சொன்னார். அப்படித்தான் இந்த இனம் அகப்பட்டது. மறு ஆண்டு அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். கூடாரத்தில் இது கழிவறைக்குப் போகும் வழியில், விளக்கு எரியாத தொட்டியில் இருந்தது.

இருகாஞ்சி அடியோடு இல்லை. குடை ஒரே ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குட்டி ஜெல்லி மீன் அது. கொட்டும்போது பெரிதாகத் தெரியாது. சிறிது நேரம் கழித்து முதுகும் இடுப்பும் பிய்ந்துபோகிற வலி, வாந்தி, இதோ சாகப்போகிறோம் என்ற பீதி. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரத்து மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் 1961-இல் அதைப் பிடித்து, நிரூபித்தே தீருவது என்று தன்மேலும், ஒன்பது வயது மகன்மேலும், கடற்கரைக் காவலர் ஒருவர்மேலும் கொட்டவைத்தார். மூவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. பையன் இதைக் கேட்டுவிட்டு என்னைவிட்டு இரண்டடி தள்ளி நடந்தான்.

வெளியே வந்ததும் பசி. பஸ் நிலையம் போகும் வழியில், தகரக் கூரை போட்ட ஒரு மெஸ். ராகிக் களி, கருவாட்டுக் குழம்பு, தொட்டுக்கொள்ள அவித்த முட்டை. ஆளுக்கு 90. களியைக் கிண்டி இறக்கிய சூட்டிலேயே உருண்டை பிடித்து, நடுவில் குழித்து, குழம்பை ஊற்றிக் கொடுத்தார் அந்த அம்மாள். விரல் சுட்டது. நெத்திலிக் கருவாடும் கத்தரிக்காயும் மாங்காய்த் துண்டும் சேர்ந்து குழம்பு அப்படி ஒரு சுவை. இரண்டாவது உருண்டை கேட்டோம், காசு வாங்கவில்லை. எங்கள் பக்கத்துக்குக் கடல் வருவதே கருவாடாகத்தான், ஆனால் வருவது ஒழுங்காக வருகிறது. அந்தக் கூடாரத்துக்குக் கொடுத்த 240-க்கு இருவரும் இன்னொரு தடவை இங்கே சாப்பிட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து புதுச்சேரிக்கும் வேளாங்கண்ணிக்கும் வேன் பிடித்துப் போகிறோம். அலையைப் பார்த்ததும் குதிக்கிறோம். ஏதாவது கொட்டினால் என்ன செய்வது என்று அந்தக் கூடாரத்தில் ஒரு வரி இல்லை. முதலில் கரையேறுங்கள். மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் வெடிக்காமல் மிச்சமிருக்கும் செல்களும் வெடிக்கும், கடல்நீரால்தான் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் இழையை வெறுங்கையால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். பெட்டி ஜெல்லி மீன் என்றால் வினிகர் ஊற்றுவார்கள், ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் அதற்காகவே கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டியிருக்கும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் வலியைக் குறைக்கும். நாகப்பட்டினத்து நண்பர் ஒருவர், வலையோடு சொறி (ஜெல்லி மீனை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) ஏறிவிட்டால் கையைக் கண் அருகே கொண்டுபோகவே மாட்டோம் என்பார். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு அடைத்தாலோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீர் ஊற்றும் யோசனையைச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

செலவுக் கணக்கு: பஸ், ஆட்டோ, கூடாரம், களி, நிப்பட்டு எல்லாம் சேர்த்து 700-ஐத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் வீண் என்பது என் கணக்கு. பையன் கணக்கில் எதுவும் வீணில்லை.

கிளம்புமுன் டிக்கெட் கொடுத்தவரிடம் போர்க்கப்பல் பலகையைத் திருத்தச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், பையன் நோட்டில் எழுதிக் கொடுத்ததை மடித்துச் சட்டைப்பையிலும் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஓசூரில் கூடாரம், அங்கே மாற்றிவிடுகிறோம் என்றார். டிக்கெட் அங்கே 150-ஆம். ஓசூர்க்காரர்கள் யாராவது போனால், பலகை மாறியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.