களைப்பு இல்லை, தூக்கம்

பதினொரு வருடங்கள் வைத்தியர்களிடம் ‘களைப்பாக இருக்கிறது’ என்றே சொல்லிவந்தேன். ‘தூக்கம் வருகிறது’ என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான். விடிவதற்குள் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நேரத்தோடு போய் நிற்காவிட்டால் அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும் என்று வாழ்கிறவர்கள் எங்கள் ஆட்கள். அங்கே பகலில் தூங்குகிற வயதுப் பெண்ணைச் சோம்பேறி என்பார்கள், வேறு பெயர் கிடையாது. களைப்பு உழைத்தவளின் சொல், அதற்கு மரியாதை உண்டு. அதனால் களைப்பு என்றேன். அவர்களும் களைப்புக்கே வைத்தியம் பார்த்தார்கள்.

எனக்கு இருப்பது நார்கோலெப்சி என்ற தூக்க நோய். தொடங்கியது 2008இல், பத்தாம் வகுப்பில். இரவு ஒன்பது மணிநேரம் தூங்கியிருப்பேன். ஆனாலும் முதல் பாடவேளை முடிவதற்குள் கண் சொருகும். கணக்குக் கொப்பியைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தால், பாதிப் பக்கம் வரை இலக்கங்கள் ஒழுங்காக இருக்கும், அதன்பின் எழுத்து சாய்ந்து சாய்ந்து வெறும் கோடாக இழுபட்டிருக்கும். கை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் அங்கு இல்லை. ஆசிரியர் எழுந்து நிற்கச் சொன்னார். நின்றபடியே தூங்கினேன். மார்கழிப் பனியில் பீலித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாட்கள் உண்டு. அது அரை மணிநேரத்துக்குத்தான் உதவியது.

அடுத்த வருடம் மாசி மாதம், தோட்டத்தில் எங்கள் டிவிஷனில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து. வேடம் கட்டியவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். சிரிப்பு உச்சத்துக்கு வந்த நொடியில் முழங்கால்கள் மடங்கின, தாடை தொங்கியது, கழுத்து நிற்கவில்லை. அப்படியே மண்ணில் சரிந்தேன். மயக்கம் இல்லை. சுற்றி நின்றவர்கள் பேசியது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. யாரோ என் கையில் இரும்புச் சாவியைத் திணித்தது தெரிந்தது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லத்தான் நாக்கு வரவில்லை. ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டேன். அதற்குள் எனக்கு வலிப்பு என்று லயம் முழுக்கச் சேதி போய்விட்டது. அன்றிலிருந்து நான் பழகிக்கொண்டது சிரிக்காமல் இருப்பதை. பதினாறு வயதில், தோழிகள் சிரிக்கத் தொடங்கும்போதே எழுந்து வெளியே போய்விடுவேன். இந்த நோய் என்னிடமிருந்து எடுத்தவற்றில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இரவுகள் வேறு. கண் விழித்திருக்கும், உடம்பு அசையாது, கதவோரம் ஒரு உருவம் நிற்கும், நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மூச்சு முட்டும். அமுக்குவான் பேய் என்றார்கள். கோடாங்கியை அழைத்து உடுக்கை அடித்துத் தாயத்துக் கட்டினார் அம்மா. அதற்காக அவரை ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். மலையில் கொழுந்தெடுத்துச் சேர்த்த காசு அது. மகள் பயப்படுகிறாள் என்றதும் தனக்குத் தெரிந்த வாசல் ஒவ்வொன்றையும் போய்த் தட்டினார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்மையிலேயே கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. எங்கள் பெண்கள் பலருக்கும் இருப்பதுதான் அது. காரணம் ஒன்று கிடைத்துவிட்டதால், அதற்குமேல் யாரும் தேடவில்லை. பிறகு ஒரு வைத்தியசாலையில் நான் விழுவதைக் கேட்டறிந்து வலிப்பு மாத்திரை எழுதினார்கள். அது தூக்கத்தை இன்னும் கூட்டியது. உயர்தரப் பரீட்சையில் முதல் முறை தவறினேன், இரண்டாம் முறை தேறினேன், ஆசிரியரானேன். இந்த இரண்டு வரிக்குள் ஆறேழு வருடங்கள் இருக்கின்றன. அவற்றை விரிக்க மனம் வரவில்லை.

ஹட்டனிலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் வரும்போது டெவன் அருவியைப் பார்த்த ஞாபகம் இருக்கும், அடுத்து விழிக்கும்போது பஸ் தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவில் நிற்கும். அதுகூடப் பொறுக்கக்கூடியதுதான். 2019 தொடக்கத்தில் ஒரு மாலை, ரொட்டிக் கல்லின் முன்னே உட்கார்ந்தபடி தூங்கி, இடது கையைக் கல்லில் வைத்துவிட்டேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிரவுதான் மறுபடி கிளினிக்குக் கிளம்புவது என்று முடிவெடுத்தேன்.

அந்தக் கிளினிக்கில் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வைத்தியருக்குத் தமிழ் அதிகம் தெரியாது. பக்கத்தில் நின்ற ஊழியர், நான் வாய் திறப்பதற்குள், பழைய சீட்டைப் பார்த்து எனக்காகச் சிங்களத்தில் சொல்லிவிட்டார்: ‘மஹன்சிலு.’ களைப்பாம். இத்தனை வருடம் நான் சொல்லிவந்த அதே பொய், இப்போது இன்னொரு மொழியிலும் எனக்கு முன்னே போய் நிற்கிறது. வேலைக்காகச் சிங்களம் படித்திருந்தேன். அந்த நொடியில் அது கைகொடுத்தது. ‘மஹன்சி நெவெய், நிதிமத’ என்றேன். களைப்பு இல்லை, தூக்கம். பகலில் தூங்கிவிடுகிறேன், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறேன் என்றேன். குரல் நடுங்கியது.

அவர் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒரு படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்வொர்த் தூக்க அளவுகோல் என்று அதற்குப் பெயர். மெல்பேர்னில் மரே ஜோன்ஸ் என்ற வைத்தியர் 1991இல் வெளியிட்டது. புத்தகம் வாசிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, ஒரு மணிநேரம் வாகனத்தில் பயணியாகப் போகும்போது, ஒருவரோடு உட்கார்ந்து கதைக்கும்போது என எட்டுச் சூழ்நிலைகள். ஒவ்வொன்றிலும் கண்ணயர்ந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்பதற்குச் சுழியத்திலிருந்து மூன்று வரை புள்ளி. மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். எனக்கு 21. பிறகு, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்: ‘நங்கி (தங்கச்சி), சிரிக்கும்போது முழங்கால் மடங்குமா?’

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் அழுதுவிட்டேன்.

பிறகு அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூளையின் ஆழத்தில் ஹைபோதலமஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு சிறு கூட்டம் நரம்பணுக்கள் ஹைபோகிரெட்டின் என்ற பொருளைச் சுரக்கின்றன. ஒரெக்சின் என்றும் சொல்வார்கள். கண்டறியப்பட்டது 1998இல்தான். விழிப்பை விழிப்பாக நிறுத்தி வைப்பது அதுதான். என்னைப் போன்றவர்களுக்கு அந்த அணுக்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றை அழித்திருக்கும் என்று கருதப்படுகிறது. கனவு காணும் தூக்கத்தில் எவருக்கும் தசைகள் தளர்ந்துதான் இருக்கும், எழுந்து ஓடிவிடாமலிருக்க உடல் செய்துகொண்ட ஏற்பாடு அது. எனக்கு அந்தத் தளர்ச்சி, விழித்திருக்கும்போதே சிரிப்பின் வழியாக நுழைந்துவிடுகிறது. அமுக்குவான் பேயும் அதேதான்: மனம் விழித்துவிட்டது, தசை இன்னும் விழிக்கவில்லை, கனவு இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்றார். அப்படியானால் எங்கள் மலைநாட்டில் எத்தனை பேர் சோம்பேறி என்ற பெயரோடு இருக்கிறார்கள் என்று அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

உறுதி செய்யும் சோதனைக்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. அதற்குமுன் இரண்டு வாரம் தூக்கக் குறிப்பு எழுதினேன்: எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது விழித்தேன், பகலில் எங்கெல்லாம் கண்ணயர்ந்தேன். தேநீரை நிறுத்தச் சொன்னார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு அண்ணனோடு ரயில் ஏறினேன். தூங்கிவிட்டால் எழுப்ப ஒருவர் வேண்டும்.

முதல் இரவு தலை முழுக்க, கண்ணோரம், தாடையில், காலில் கம்பிகளை ஒட்டினார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஒரு கிளிப். மூச்சுத் தடை போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்கவும், இரவில் போதுமான அளவு தூங்கினேனா என்று பார்க்கவும் இது. உண்மையான சோதனை மறுநாள் பகலில்தான். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை விளக்கை அணைத்து, தூங்க முயற்சி செய்யுங்கள் என்பார்கள். இருபது நிமிடம் அவகாசம். இப்படி ஐந்து தடவை. இடைப்பட்ட நேரத்தில் மட்டும் தூங்கவே கூடாது. அதுதான் கொடுமை. அண்ணன் என் முன்னால் உட்கார்ந்து சின்ன வயதுக் கதைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கண் மூடும்போதெல்லாம் தோளைத் தட்டினார். வாழ்நாளில் முதன்முறையாக ஒருவர் என்னைத் திட்டாமல் எழுப்பினார்.

சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கி, குறைந்தது இரண்டு தடவையாவது பதினைந்து நிமிடத்துக்குள் கனவுத் தூக்கம் வந்துவிட்டால் நார்கோலெப்சி என்று கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்தத் தூக்கம் வர ஒன்றரை மணிநேரம்போல் ஆகும். நான் சராசரியாக இரண்டரை நிமிடத்தில் தூங்கினேன். ஐந்தில் நான்கு தடவை உடனே கனவுக்குள் போயிருந்தேன். அந்த அறிக்கையை ரயிலில் மூன்று தடவை வாசித்தேன். நோய் இருக்கிறது என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிம்மதியாக இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும். நான் இருந்தேன்.

இதற்கு நிரந்தரமாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. காலையும் மதியமும் விழிப்புக்கு மெதைல்ஃபெனிடேட், தளர்ச்சிக்கு வென்லஃபாக்சின். இவற்றோடு இன்னொன்றையும் வைத்தியர் மருந்தாகவே எழுதித் தந்தார்: ஒரு நாளைக்கு இரண்டு குறுந்தூக்கம், ஒவ்வொன்றும் பதினைந்து முதல் இருபது நிமிடம். அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூட அதிபரிடம் கொடுக்கப் போனபோது கால் பின்னிக்கொண்டது. அவர் வாசித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, இடைவேளையில் நூலக அறையைப் பூட்டிக்கொள்ளலாம் என்றார். இருபது நிமிடம் தூங்கி எழுந்தால் அடுத்த இரண்டு பாடவேளைகளும் முழுமையாக என்னுடையவை. மாத்திரை தராத தெளிவை அது தருகிறது. சக ஆசிரியர் இருவர் முணுமுணுத்தார்கள். அவர்களிடமும் போய் நேராகச் சொன்னேன். மறைத்துப் பதினொரு வருடம் பட்டது போதும் என்றிருந்தது.

2022இல் மறுபடி எல்லாம் சரிந்தது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு, எரிபொருள் வரிசை, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. கிளினிக்குப் போக பஸ் இல்லை, போனாலும் மருந்தகத்தில் என் மாத்திரை இல்லை. தளர்ச்சிக்கான மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அது முன்னிலும் கடுமையாகத் திரும்பும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். அப்படியே ஆயிற்று. ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் விழுந்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை ஏதோ சொல்லி எல்லோரும் சிரிக்க, கரும்பலகைக்குக் கீழே சரிந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்கள். என்ன நடக்கும் என்று முன்பே அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன். முன்வரிசைப் பெண்பிள்ளை என் தலைக்குக் கீழே தன் பையை வைத்துவிட்டு, ‘டீச்சருக்குக் கேட்கும், பேசாமல் இருங்கள்’ என்று மற்றவர்களிடம் சொன்னாள். யாரும் சாவி தேடவில்லை. இப்போது ஒரு மாத மாத்திரையாவது எப்போதும் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

இதே போல் இருக்கிற யாராவது இதை வாசித்தால், வைத்தியரிடம் போகுமுன் இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள். நீங்கள் விழுவதைப் பார்த்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் அதைத் தொலைபேசியில் படமெடுத்துவையுங்கள். உங்களுக்காக வேறொருவர் மொழிபெயர்த்தால், அவர் என்ன சொல்லைப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். ‘நிதிமத’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. சனி, ஞாயிறுகளில் மதியம் நான் படுக்கும்போது வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். ஆரம்பத்தில் யாராவது என்னைத் தேடி வந்தால், ‘தலைவலி என்று படுத்திருக்கிறாள்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்புவார். நான் கேட்டுக்கொண்டே கண்ணயர்வேன். போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா ஏதோ படிவம் நிரப்ப வந்து, டீச்சர் இல்லையா என்று கேட்டார்.

‘இருக்கிறாள். தூங்குகிறாள். இருபது நிமிடம் கழித்து வா’ என்றார் அம்மா, அடுத்த லயத்துக்கும் கேட்கிற குரலில்.