உருவம் இருக்கட்டும், குரல் வேண்டாம்

இணையத்தில் அணியாகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களை ஏழெட்டு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். பெரும்பாலான இரவுகளில் என் மைக் அணைந்தே இருந்திருக்கிறது. அதைத் திறந்து, "இடப்பக்கப் படிக்கட்டில் இருவர் வருகிறார்கள்" என்று நான் சொன்ன ஓர் இரவில், அந்தத் தகவலை எவரும் காதில் வாங்கவில்லை. "பொண்ணா?" என்ற கேள்விதான் முதலில் வந்தது. பிறகு வயதைக் கேட்டார்கள், இன்ஸ்டாகிராம் கணக்கைக் கேட்டார்கள், நான் பதில் சொல்லாமல் இருந்ததும் இங்கே எழுதக் கூசும் சொற்கள் தொடர்ந்தன. படிக்கட்டில் வந்த இருவர் எங்கள் அணியை முடித்துவிட்டுப் போனார்கள். தோல்விக்கும் என்னையே காரணமாக்கினார்கள். அந்த ஆட்டத்தில் நான் தேர்ந்தெடுத்திருந்த பாத்திரமும் பெண்தான். அதைக் குறித்து எவருக்கும் எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டை நினைக்கும்போதெல்லாம் 2016ஆம் ஆண்டின் தென் கொரியா என் நினைவுக்கு வருகிறது. அந்த ஆண்டு மே மாதம் பிளிஸார்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட, இதே வகையைச் சேர்ந்த ஓவர்வாட்ச் ஆட்டத்தில் 21 பாத்திரங்கள் இருந்தன, அவற்றில் 8 பேர் பெண்கள். பெட்டியின் முகப்பிலேயே டிரேசர் என்ற பெண் நின்றாள். பளுதூக்கும் வீராங்கனையாக இருந்து படைக்குப் போன ரஷ்யப் பெண் ஸார்யா, எகிப்தியப் பெண் ஃபாரா, இந்தியாவின் சிமெட்ரா என்று வந்த அந்த வரிசையைக் கண்டு நான் மெய்யாகவே மகிழ்ந்தேன். கொரியாவிலிருந்து வந்த பாத்திரத்தின் பெயர் டிவா. கதைப்படி அவள் கணினி ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டிருந்து, பின்னர் நாட்டைக் காக்கப் போர் இயந்திரத்தை ஓட்டப் புறப்பட்ட 19 வயதுப் பெண். கற்பனையில் பிறந்த அந்தத் தொழில்முறை ஆட்டக்காரியை ஆண்களும் பெண்களும் விரும்பி எடுத்து ஆடினார்கள்.

ஆட்டம் வெளிவந்து ஒரு மாதம்கூட நிறையாத நிலையில், கெகுரி என்ற பெயரில் ஆடிய கிம் செயோன் என்ற 17 வயதுப் பெண் கொரியப் போட்டி ஒன்றின் தகுதிச் சுற்றில் ஸார்யாவாக ஆடி எதிரணிகளைத் திணறடித்தார். ஸார்யாவின் ஆயுதம் இடைவிடாமல் பாயும் ஒளிக்கற்றை. ஓடி ஒளியும் எதிரியின் மீதிருந்து அந்தக் கற்றை விலகாமல் பிடித்திருப்பதுதான் அவளை ஆடுவதில் உள்ள கைத்திறன், அது கெகுரிக்கு அபாரமாக வாய்த்திருந்தது. குறியைத் தானாகவே எதிரியின் மீது கொண்டுபோய் நிறுத்தும் கள்ள மென்பொருளான ஏம்பாட்டைப் பயன்படுத்துகிறார் என்று எதிரணியினர் குற்றம் சாட்டினார்கள். அவர் ஏமாற்றவில்லை என்பது உறுதியானால் ஆட்டத்தையே விட்டுவிடுவதாக இருவர் அறிவித்தார்கள். அவர் ஏமாற்றவில்லை என்று பிளிஸார்ட் உறுதிசெய்த பிறகும் வசை அடங்கவில்லை. இறுதியில், இன்வென் என்ற கொரிய ஆட்டச் செய்தி நிறுவனத்தின் அரங்கில் அமர்ந்து, திரையோடு சேர்த்துத் தன் கைகளையும் கேமரா காட்டிக்கொண்டிருக்க, நேரலையில் அவர் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. சந்தேகத்துக்கு அங்கே முடிவு வந்தது. சவால் விட்ட இருவரும் விலகினார்கள்.

கள்ள மென்பொருள் குறித்த சந்தேகம் ஆண்கள் மீதும் எழுவதுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தைப் படைத்த நிறுவனமே சோதித்துச் சொன்ன பின்னும் ஒரு பள்ளி வயதுப் பெண் தன் விரல்களை ஊருக்குக் காட்டி நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களின் மனத்தில் இருந்தது மென்பொருளைப் பற்றிய ஐயம் மட்டுமே என்று நம்ப என்னால் முடியவில்லை. ஸார்யா என்ற பெண் அவ்வளவு வலிமையோடு இருப்பதை ஏற்றுக்கொண்டவர்களால், அவளை இயக்கும் கை ஒரு பெண்ணின் கை என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அடுத்த மாதமே, அதே நாட்டில், இன்னொன்று நடந்தது. நெக்ஸான் நிறுவனம் வெளியிட்ட குளோசர்ஸ் என்ற இணைய ஆட்டத்தில் ஒரு பெண் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்திருந்த நடிகை கிம் ஜாயோன், "பெண்களுக்கு இளவரசன் தேவையில்லை" என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சட்டை ஒன்றின் படத்தைத் தன் டுவிட்டர் கணக்கில் வெளியிட்டார். பெண்ணியக் குழு ஒன்று நிதி திரட்ட விற்ற சட்டை அது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அவருடைய குரலை நீக்கி வேறொருவரைக் கொண்டு பதிவுசெய்வதாக நிறுவனம் உடனடியாக அறிவித்தது; ஊதியத்தை மட்டும் முழுமையாகக் கொடுத்துவிட்டது. பாத்திரத்தின் முகம், உடல், உடை, ஆயுதம் எதுவும் மாறவில்லை, குரல் மட்டும் போயிற்று. பெண்களைக் குறித்து இந்த ஆட்ட உலகம் நடத்தும் பேரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது.

கொரியாவின் நோய் மட்டும் இல்லை இது. ஹேலோ 3 என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை வைத்து அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே பதிவுசெய்த சாதாரண வாக்கியங்களைச் சில ஆட்டங்களில் ஆண் குரலிலும் சில ஆட்டங்களில் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டார்கள். வணக்கம் சொல்வது, நன்றாகச் சுட்டாய் என்று பாராட்டுவது போன்ற பேச்சுகள்தான். பெண் குரலுக்குக் கிடைத்த எதிர்மறையான பதில்கள் ஆண் குரலுக்குக் கிடைத்தவற்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

இதற்கெல்லாம் எங்களுக்குச் சொல்லப்படும் மருந்து, "மைக்கை அணைத்துவிட்டு ஆடு" என்பதே. என் மீது அன்பு கொண்டவர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். அணி ஆட்டத்தில் எதிரி எங்கே நிற்கிறான், எவருடைய உயிர் குறைந்திருக்கிறது, எப்போது சேர்ந்து பாய வேண்டும் என்பதெல்லாம் நொடிப்பொழுதில் குரலால் பரிமாறப்படுகின்றன. தட்டச்சு செய்ய நின்றால் அந்த இடத்திலேயே சாக வேண்டியதுதான். ஆகவே வாயை மூடிக்கொண்டு ஆடுபவள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறாள். பேசாமல் ஆடித் தோற்றால் பெண்களுக்கு ஆட வராது என்கிறார்கள்; பேசி வென்றால் கைகளைக் காட்டச் சொல்கிறார்கள். வசை பேசியவனின் மைக்கை அணைப்பதற்குப் பதிலாக வசை கேட்டவளின் மைக்கை அணைக்கச் சொல்வதை அறிவுரை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

2016ஆம் ஆண்டின் இறுதியில் கொரியப் பெண்கள் சிலர் டிவாவின் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2017 ஜனவரியில் சியோலில் நடந்த பெண்கள் பேரணியில் டிவாவின் முயல் சின்னம் பொறித்த கொடியை அவர்கள் ஏந்தி நடந்தார்கள். ஆட்டத்தின் கதைப்படி டிவா வாழப்போவது எதிர்காலத்தில். அதற்குள் அவளைப் போன்ற ஒருத்தி உண்மையிலேயே தோன்றக்கூடிய நாடாகக் கொரியா மாற வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அவளைப் போன்ற ஒருத்தி அந்த நாட்டில் ஏற்கெனவே இருந்தாள், அவளைத்தான் கேமராவின் முன் உட்கார வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஓவர்வாட்ச் லீக் என்ற தொழில்முறைத் தொடர் 2018 ஜனவரியில் 12 அணிகளோடு தொடங்கியபோது அவற்றில் ஒரு பெண்கூட இல்லை. அடுத்த மாதம் ஷாங்காய் டிராகன்ஸ் அணி கெகுரியைச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தொடரின் முதல் பெண் அவர்தான். அங்கே அவர் கையாண்ட பாத்திரங்களில் டிவாவும் உண்டு. முதல் பருவத்தின் 40 ஆட்டங்களையும் தோற்ற அந்த அணி, 2019 பிப்ரவரியில் பாஸ்டன் அணியை வீழ்த்தித் தன் முதல் வெற்றியைப் பெற்றபோது, கெகுரி அந்த அணியில் இருந்தார்.